பார்வையாளர் வந்துபோன பின்பு

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் சங்கத்தின் கல்விக்குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாம் எந்த ஆண்டில் இப்பாடசாலையை விட்டு வெளியேறியவர்களாக இருந்தாலும், நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு நாள் உண்டு. அதுதான் இன்ஸ்பெக்டர் வருகிற நாள். முதல் நாள் மாலையே வகுப்பறையைக் கூட்டிக் கழுவுவோம். யன்னல்களில் ஒட்டடை அடிப்போம். கரும்பலகையின் மூலையில் திகதியையும் வரவையும் அழகான எழுத்தில் எழுதி வைப்போம். மறுநாள் எல்லோருடைய சட்டையும் வெள்ளை வெளேரென்றிருக்கும். இரட்டைப் பின்னலில் ரிப்பன் ஒரே அளவில் கட்டியிருக்கும். கேள்வி கேட்டால் யார் கை உயர்த்துவது, யார் பேசாமலிருப்பது என்பது வரை டீச்சர் சொல்லிவைத்திருப்பார். இன்ஸ்பெக்டர் வருவார், பார்ப்பார், தலையசைப்பார், குறிப்புப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதுவார், போய்விடுவார். அவருடைய வாகனம் வளைவில் திரும்பியதும் வகுப்பறை மறுபடியும் நம்முடைய வகுப்பறையாகிவிடும்.

அன்று நாம் பொய்யா சொன்னோம்? இல்லை. நாம் உண்மையாகவே நிமிர்ந்து உட்கார்ந்தோம், உண்மையாகவே சரியான விடை சொன்னோம். இன்ஸ்பெக்டர் கண்டதும் உண்மைதான். ஆனால் அது அந்த ஒரு நாளின் உண்மை. அதைக் கொண்டு அவர் மற்ற நாட்களைப் பற்றியும் எழுதிவிட்டார் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

மனிதர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் உளவியலாளருக்கும் இதே சிக்கல் உண்டு. ஆளைப் பார்க்காமல் ஆராய முடியாது. பார்த்தால் ஆள் மாறிவிடுகிறார். இன்றைய உரைக்கு இந்தப் பொருளைத் தெரிவு செய்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது நமது சங்கத்தின் கணக்கோடு தொடர்புடைய காரணம். அதை உரையின் பிற்பகுதியில் ஒளிக்காமல் சொல்வோம்.

நமுனுகுல மலையைச் சுற்றி, பசறை, ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளைப் பக்கங்களில் பிறந்து வளர்ந்த நமக்குப் பிறர் பார்வை புதிதல்ல. நம் அம்மாமார் விடியற்காலைப் பெரட்டில் நிற்கும்போது தொடங்கும் பார்வை அது. மலையில் நிரைக்குப் பின்னால் கங்காணி நிற்பார். நிறுவையில் கணக்கப்பிள்ளை நிற்பார். தூரத்தில் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பேச்சு அடங்கும், கை வேகமாகும், கூடையில் கிடக்கும் முத்தல் இலை ஒன்றிரண்டு வெளியே போகும். சத்தம் அடுத்த மலைக்குப் போனதும் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். இதை ஆராய்ச்சி செய்துதான் அறிய வேண்டுமென்று நம் அம்மாமாருக்கு இருக்கவில்லை.

ஆனாலும் உலகம் இதை ஓர் ஆராய்ச்சியின் பெயரால்தான் அறிந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சியும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பழையது. அதில் பேர்பெற்றவர்களும் நம் அம்மாமாரைப் போலவே கைவேலை செய்து கூலி பெற்ற பெண்கள்தான்.

அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தை ஒட்டிய சிசரோ என்ற ஊரில், வெஸ்டர்ன் இலெக்ட்ரிக் கம்பனிக்கு ஹோதோர்ன் என்றொரு பெரிய தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிச் சாதனங்கள் அங்கே தயாராகின. 1924ஆம் ஆண்டு அங்கே ஒரு சோதனை தொடங்கியது. வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமா என்பதே கேள்வி. வெளிச்சத்தைக் கூட்டினார்கள், வேலை கூடியது. குறைத்துப் பார்த்தார்கள், அப்போதும் வேலை கூடியது என்று பிற்காலத்தில் கதை பரவியது. அந்தக் கதை எவ்வளவு உண்மை என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

1927இல் அதே தொழிற்சாலையில் அடுத்த சோதனை ஆரம்பமானது. ரிலே எனப்படும் சிறிய மின்கருவியைப் பூட்டும் ஐந்து இளம் பெண்களைத் தனியறையில் இருத்தினார்கள். உதிரிப்பாகங்களை எடுத்துக் கொடுக்க இன்னொரு பெண். இவர்களில் பலர் வேறு நாடுகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்றெல்லாம் குறித்துக்கொள்ள ஒருவர் அதே அறையில் அமர்ந்திருந்தார். இடைவேளை கொடுத்துப் பார்த்தார்கள், வேலைநேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், சிற்றுண்டி கொடுத்துப் பார்த்தார்கள், கொடுத்தவற்றைத் திரும்ப எடுத்தும் பார்த்தார்கள். காலப்போக்கில் வேலை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடியது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்டன் மேயோவும் அவருடைய குழுவினரும் இதற்குக் கொடுத்த விளக்கம் உலகெங்கும் பரவியது. ஆளை மதித்துக் கவனித்தாலே வேலை சிறக்கும் என்பது அதன் சாரம். பல ஆண்டுகளின் பின், 1958இல், ஹென்றி லாண்ட்ஸ்பெர்கர் என்பவர் அந்த ஆய்வுகளை மறுபடி அலசி நூலொன்று வெளியிட்டார். அதன்பின் ‘ஹோதோர்ன் விளைவு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. தாம் கவனிக்கப்படுகிறோம் என்று அறிந்ததாலேயே மனிதர் நடத்தையை மாற்றிக்கொள்வதற்கு அந்தப் பெயர்.

சகோதரிகளே, பாடப்புத்தகத்தில் இத்தோடு கதை முடிந்துவிடும். நாம் இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

முதலாவது, அந்த ஐந்து பெண்களில் இருவரை 1928 தொடக்கத்திலேயே அறையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதிகமாகப் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர்களுக்குப் பதிலாக வேகமாக வேலை செய்யும் இருவர் வந்தார்கள். அதோடு, சோதனை அறையில் சம்பளமும் வேறு விதமாகக் கணக்கிடப்பட்டது. முன்பு பெரிய கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட கூலி, இப்போது அந்தச் சிறு குழுவின் உழைப்பையே பார்த்துக் கொடுக்கப்பட்டது. அப்படியானால் வேலை கூடியது பார்வையாலா, மதிப்பாலா, பணத்தாலா, இருவரை விலக்கிய பயத்தாலா? எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, அதே தொழிற்சாலையில் 1931-32இல் கம்பி இணைக்கும் பகுதியில் பதினான்கு ஆண்களை இன்னொரு அறையில் இருத்திப் பார்த்தார்கள். அங்கேயும் கவனிப்பவர் ஒருவர் இருந்தார். வேலை கூடவில்லை. ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று அவர்கள் தமக்குள்ளே அளவு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் வேகமாகச் செய்பவருக்குத் தோளில் குத்து விழும். கூடச் செய்தால் நாளைக்கு அதையே நிரந்தர அளவாக்கிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. கொழுந்தின் கிலோக் கணக்கை உயர்த்துவது பற்றித் தோட்டங்களில் நடக்கும் பேச்சைக் கேட்ட எவருக்கும் இது விளங்கும். பார்வை எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளுவதில்லை. பார்ப்பவர் யார், பார்த்ததை வைத்து என்ன செய்யப்போகிறார் என்பதை மனிதர் கணக்குப் பார்க்கிறார்கள். அதற்கேற்ப ஒருவர் வேகம் காட்டுகிறார், இன்னொருவர் வேகத்தை மறைக்கிறார்.

மூன்றாவது, அந்த வெளிச்சக் கதை. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட பழைய அளவுக் குறிப்புகளைத் தேடியெடுத்து, ஸ்டீவன் லெவிட், ஜோன் லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர் மறுபடி ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். கதை சொன்னதுபோல் பெரிய மாற்றமெதுவும் அந்த எண்களில் இல்லை. விளக்குகளை ஞாயிற்றுக்கிழமையில் மாற்றியிருக்கிறார்கள், திங்கட்கிழமை வேலை கூடியிருக்கிறது. ஆனால் விளக்கை மாற்றாத வாரங்களிலும் திங்கட்கிழமை வேலை கூடத்தான் இருந்திருக்கிறது. ஓய்வுநாள் கழித்து வந்தால் கை சுறுசுறுப்பாக இருக்குமென்று எந்தத் தொழிலாளியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே ஹோதோர்ன் கதையை மந்திரம்போல் நம்பவும் வேண்டாம், பார்வையால் எதுவும் மாறாது என்று தள்ளிவிடவும் வேண்டாம். பிற்காலத்தில் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் சில உண்டு. அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று தான்சானியாவின் அரூஷா பகுதியில் நடந்தது. கென்னத் லெனார்ட், மெல்கியோரி மசாட்டு என்ற ஆய்வாளர்கள், வைத்தியர்கள் நோயாளரை எவ்வளவு கவனமாகப் பரிசோதிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆய்வுக்குழு அறைக்குள் வருமுன் வந்த நோயாளரிடமும், குழு இருக்கும்போது வந்தவரிடமும், “வைத்தியர் உங்களிடம் என்ன கேட்டார், எதைத் தொட்டுப் பார்த்தார்” என்று வெளியே வைத்து விசாரித்தார்கள். குழு உள்ளே போனதும் பரிசோதனையின் தரம் சட்டென உயர்ந்தது. ஆனால் பத்துப் பதினைந்து நோயாளர் வந்துபோவதற்குள் வைத்தியர் தம் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டார். அவர்கள் அறியாமையால் குறைவாகப் பரிசோதிக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிந்தது. செய்யத் தெரியும், செய்யவும் முடியும், நாள்தோறும் செய்வதில்லை. கவனித்துச் சொன்னால் இது நல்ல செய்தியும்கூட.

இரண்டாவது வங்காளதேசத்துக் கிராமங்களில் நடந்தது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறார்களா என்று பார்க்க ஒரு பெண் காலையில் வந்து வீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் வரும் நாளில் மட்டும் கழுவுகிறார்களோ என்ற சந்தேகம் எழுந்தது. அசைவைப் பதியும் சிறு கருவியை உள்ளே வைத்த சவர்க்காரக் கட்டிகளை வீடுகளுக்குக் கொடுத்தார்கள். பார்வையாளர் வந்திருந்த நாளில், முந்திய நாட்களின் அதே மணித்தியாலங்களைவிடச் சவர்க்காரம் 35 சதவீதம் கூடுதலாக அசைந்திருந்தது. 2010இல் வெளியான ஆய்வு இது. இந்த நாட்டில் நம் தோட்டத்து லயத்துக்குப் பொதுச்சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் வாசல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நமக்குச் சிரிப்பு வரும். நமக்கு மட்டும் உரிய குணம் அது அல்ல என்பது ஓர் ஆறுதல்.

மூன்றாவது நமக்கு மிகவும் நெருக்கமானது. இந்தியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்ததை ராஜ்ஸ்ரீ ஜெயராமன், தேவ்ராஜ் ராய், பிரான்சிஸ் டி வெரிகூர் என்ற மூவர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. அதேவேளை, கூடுதலாகப் பறிக்கும் கொழுந்துக்குக் கிடைக்கும் கொடுப்பனவு சில அளவுகளில் குறைந்தது, சிலவற்றில் மாறாமலிருந்தது. கணக்குப்படி பார்த்தால் பறிப்பது குறைந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதம் கொழுந்து 20 முதல் 80 சதவீதம்வரை கூடியது. அந்த மாதத்தில் மேற்பார்வையும் கூடியிருந்தது. ஆனால் அது ஒரு பகுதியை மட்டுமே விளக்கியது. மீதி, கூலி உயர்ந்த மகிழ்ச்சியிலோ நன்றியிலோ கை தானாக வேகமாகியதுபோல் தெரிந்தது. முதல் மாதத்தோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் அந்த நல்ல முடிவையே உலகம் படித்திருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. தொடர்ந்த மாதங்களில் கூடியதெல்லாம் முற்றாகக் குறைந்து பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இம்மூன்றிலும் ஒரே பாடம் இருப்பதாக நாம் நினைக்கிறோம். முதல் நாளில் காண்பதை வைத்து முடிவெழுதக் கூடாது. புதிதாக ஒன்று வரும்போது, புதிதாக ஒருவர் வந்து பார்க்கும்போது, மனிதர் தம்மிடமுள்ள நல்லதை முன்னால் வைக்கிறார்கள். அது இயல்பு. அது நிலைக்குமா என்பதைப் பிந்திய நாட்கள்தான் சொல்லும்.

இது ஏன் மலையகத்துக்கு முக்கியம்? நம்மைப் போல் வெளியாட்களால் பார்க்கப்பட்ட சமூகம் இந்த நாட்டில் குறைவு. பல்கலைக்கழக மாணவர், தொண்டு நிறுவனத்தார், வெளிநாட்டு ஆய்வாளர் என்று வினாக்கொத்தோடு லயத்து வாசலில் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். “நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? வீட்டில் யாராவது குடிப்பார்களா? பிள்ளை ஒழுங்காகப் பாடசாலைக்குப் போகிறதா?” என்று கேட்பார்கள். வாசலில் நிற்பவர் காலணி போட்டிருக்கிறார், கையில் பேனா இருக்கிறது. பக்கத்துக் காம்பராவுக்கு எல்லாம் கேட்கும். அந்த இடத்தில் நம் அம்மாயி என்ன சொல்வார்? “அதெல்லாம் ஒரு கொறையும் இல்லீங்க, மூணு வேளையும் சாப்புடுறோங்க” என்றுதான் சொல்வார். அது பொய்யல்ல. வந்தவர் முன்னால் தன் வீட்டை விட்டுக்கொடுக்காத மானம் அது. வேறு சில வீடுகளில், உதவி கிடைக்கும் என்று நினைத்து இருப்பதையும் இல்லையென்று சொல்வதும் உண்டு. இரண்டும் வந்தவரைப் பார்த்துச் சொல்லப்பட்ட பதில்களே.

சிலவற்றைப் பார்வை மாற்றாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரத்தை அளந்தார்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் நூற்றுக்கு 32 பேர். அளப்பவர் வந்துவிட்டார் என்பதற்காகப் பிள்ளை ஓரங்குலம் வளர்ந்துவிடாது. ‘மூன்று வேளையும் சாப்பிடுகிறோம்’ என்ற பதிலையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல ஆய்வாளர். நம் பிள்ளைகளில் பலர் இன்று பல்கலைக்கழகங்களில் உளவியலும் சமூகவியலும் படிக்கிறார்கள். பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. இனி வினாக்கொத்தோடு வாசலில் நிற்பவர் நம் பிள்ளையாகவே இருப்பார். அவருக்காகவும் இதைச் சொல்கிறோம்.

இப்போது நம் சொந்தக் கணக்குக்கு வருவோம்.

நமுனுகுல அடிவாரத்துத் தோட்டமொன்றில் நமது சங்கம் மாலை வகுப்பொன்றை நடத்திவருவது உங்கள் எல்லோருக்கும் தெரியும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. கனடாவிலும் இங்கிலாந்திலும் கொழும்பிலும் இருக்கும் நம் சகோதரிகள் அனுப்பும் பணத்தில் அது நடக்கிறது. கல்விக்குழுவினராகிய நாங்கள் தவணைக்கு ஒரு முறை போய்ப் பார்ப்போம். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போவோம். போன ஒவ்வொரு முறையும் முப்பதுக்குக் குறையாத பிள்ளைகள் இருந்தார்கள். வாங்குகள் நிறைந்திருக்கும். கரும்பலகையில் கணக்கு எழுதியிருக்கும். தேநீரும் பிஸ்கட்டும் தருவார்கள். ஒரு பிள்ளை வந்து நன்றியுரை சொல்லும். “வகுப்பு மிகச் சிறப்பாக நடைபெறுகிறது. வரவு முப்பதுக்கு மேல்” என்று தொடர்ந்து மூன்று ஆண்டறிக்கைகளில் எழுதினோம். படங்களும் போட்டோம்.

பரீட்சை முடிவு மட்டும் அறிக்கையோடு ஒத்துவரவில்லை. முப்பது பேர் படிக்கும் வகுப்பில் கணிதத்தில் சித்தியடைந்தவர்களைக் கைவிரலில் எண்ணலாம். பிள்ளைகளைக் குறை நினைத்தோம். ஆசிரியையைக் குறை நினைத்தோம். எங்களை நாங்கள் நினைக்கவில்லை.

ஒரு நாள் எங்களில் ஒருவர் வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனபோது, வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளையைப் பீலியடியில் கண்டார். மாலை ஐந்து மணி, வகுப்பு நேரம். “இன்றைக்கு வகுப்பு இல்லையா, தங்கச்சி?” என்று கேட்டார். பிள்ளை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கியது. பிறகு சொன்னது: “இருக்குங்க அக்கா. ஒம்பது பத்துப் பேரு போயிருப்பாங்க. நீங்கள்லாம் வர்ற அன்னைக்குத்தான் மேட்டு லயத்துப் புள்ளைங்களையும் கூப்புடுவாங்க. அன்னைக்கு எங்க அம்மாவும் என்னய அனுப்பிருவாங்க.”

அந்தப் பிள்ளை யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நாங்கள் கேட்டோம், சொன்னது. இத்தனை வருடமும் நாங்கள் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

உடனே எங்களுக்குக் கோபம்தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று பேசினோம். பணத்தை நிறுத்தவேண்டும் என்று ஒருவர் சொன்னார். வகுப்பறையில் கமரா பொருத்தலாம் என்று இன்னொருவர் சொன்னார். கமரா யோசனை வெறும் பேச்சல்ல, அதற்கு முன்மாதிரி உண்டு. இந்தியாவின் ராஜஸ்தானில், உதய்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் ஓராசிரியர் பள்ளிகளை நடத்திவந்தது. 2003இல் அங்கே ஆசிரியர்களிடம் திகதியும் நேரமும் பதியும் கமராக்களைக் கொடுத்தார்கள். காலையிலும் பள்ளி முடியும்போதும் ஆசிரியரும் பிள்ளைகளும் இருக்கும் படத்தை ஒரு பிள்ளை எடுக்க வேண்டும். படமுள்ள நாட்களைக் கணக்கிட்டே சம்பளம். ஆசிரியர் வராத நாட்கள் 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக, சரிபாதியாகக் குறைந்தன. எஸ்தர் டுஃப்லோ முதலானோர் செய்த ஆய்வு அது. பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளும் உயர்ந்தன. ஆகவே கண்காணிப்பு பயன்படாது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நாள்தோறும் இருக்கும் பார்வை, தவணைக்கொருமுறை வரும் பார்வையைப் போன்றதல்ல. ஆனால் அங்கே ஆசிரியர் வராதது சிக்கல், சம்பளம் அதைத் தீர்த்தது. நம் வகுப்பில் ஆசிரியை ஒரு நாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். வராதவர்கள் பிள்ளைகள். கமரா அவர்கள் வராததைக் காட்டும். ஏன் வரவில்லை என்பதைக் காட்டாது.

அந்த ஆசிரியை அதே தோட்டத்தில் பிறந்த இளம்பெண். அவரைக் கூப்பிட்டு விசாரிக்காமல், அவர் வீட்டுக்கே போய்ப் பேசினோம். அழுதுவிட்டார். “புள்ளைங்க கொறைஞ்சா காசு நின்னுருமேன்னு பயந்துட்டேங்க அக்கா. வர்ற பத்துப் புள்ளைங்களுக்கும் இல்லாம போயிருமே” என்றார். அவர் எங்களை ஏமாற்றவில்லை, பத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார். முப்பது என்ற எண்ணைக் கேட்டு வாங்கியவர்கள் நாங்கள்தான். அறிக்கைக்கு அழகான எண் வேண்டும் என்று எங்கள் முகத்தில் எழுதியிருந்ததை அவர் வாசித்திருக்கிறார்.

அதன்பின் எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் அந்தத் தோட்டத்திலேயே ஒரு வீட்டில் இரண்டு வாரம் தங்கினார்கள். பரிசோதிக்க வரவில்லை, கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறோம் என்று சொல்லி, அதையே செய்தார்கள். முதல் மூன்று நாளும் இருபத்தேழு பிள்ளைகள் வந்தார்கள். அந்த வாரம் முடியும்போது பதினெட்டு. இரண்டாம் வாரத்தில் பதினொன்று. அந்தப் பதினொன்றைக் கண்டதும் மனம் சோர்ந்துவிட்டது என்றும், ஆனால் அன்றுதான் வேலை தொடங்கியது என்றும் அவர்கள் சொன்னார்கள்.

வராத பிள்ளைகளின் வீட்டுக்கு மாலையில் போனார்கள். அதற்குள் பழகிவிட்டதால் அம்மாமார் உள்ளதைச் சொன்னார்கள். ஐந்து மணிக்கு அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் மலையிலிருந்து இறங்குவார். தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைக்காம்பராவிலிருந்து தம்பி தங்கையைக் கூட்டிவர வேண்டும். அதெல்லாம் மூத்த பெண்பிள்ளையின் வேலை. வகுப்பு முடியும்போது இருட்டிவிடும், கீழ் லயத்துக்குப் போகும் பாதையில் விளக்கில்லை. எங்கள் வகுப்பை நாங்கள் வைத்திருந்த நேரமே பிழையானது. மூன்று வருடம் தவறாமல் போய்ப் பார்த்தும் அதை நாங்கள் காணவில்லை. நாங்கள் போன நாட்களில் அந்தப் பிழையை எல்லோருமாகச் சேர்ந்து மறைத்து, எங்களைச் சந்தோஷப்படுத்தி அனுப்பினார்கள்.

இப்போது வகுப்பு சனி, ஞாயிறு காலையில் நடக்கிறது. தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வரலாம். அவர்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்து விளையாட்டுப் பொருட்கள் வைத்திருக்கிறோம். வரவு இடாப்பைப் பிள்ளைகளே முறைபோட்டு எழுதுகிறார்கள். நாங்கள் போகாத நாளின் வரவைத்தான் அறிக்கையில் சேர்க்கிறோம். எண் குறைந்தால் பணம் குறையாது என்று ஆசிரியையிடம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். சென்ற தவணையின் சராசரி வரவு பதினாறு.

இந்த மலரில் அச்சாகும் கல்விக்குழு அறிக்கையிலும் பதினாறு என்றே இருக்கும். முன்பு முப்பது என்று படித்தவர்கள் வகுப்பு நலிந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். முன்பு எழுதியது பிழை. அதற்காக உங்கள் எல்லோரிடமும், குறிப்பாகத் தூர தேசங்களில் குளிரில் வேலைசெய்து பணம் அனுப்பிய சகோதரிகளிடமும், நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பதினாறு பேரும் நாங்கள் பார்க்காதபோதும் வருகிறார்கள்.

பார்வையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நாம் எல்லோரும் பார்வையில் வளர்ந்தவர்கள்தான். “அவ முகம் வாடியிருக்கு, காலையில சாப்பிட்டாளான்னு கேளுங்க” என்று சொன்ன டீச்சரின் பார்வை இல்லையென்றால் நம்மில் எத்தனை பேர் படிப்பை இடையில் விட்டிருப்போம்! அந்த டீச்சர் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போனவர் அல்ல. ஐந்து நாளும், வருடம் முழுவதும் நம்மோடு இருந்தவர். அவருக்கு நம் நல்ல நாளும் தெரியும், கெட்ட நாளும் தெரியும். அவர் முன்னால் நடிக்க வேண்டிய தேவை நமக்கு இருக்கவில்லை.

ஆகவே நூற்றாண்டு விழாவுக்கு ஊருக்கு வந்திருக்கும் சகோதரிகளிடம் எமது வேண்டுகோள் ஒன்றுதான். வகுப்பைப் பார்க்க விரும்பினால் ஒரு நாள் வந்து படமெடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் வரவுக்காகப் பிள்ளைகள் மறுபடியும் மேட்டு லயத்திலிருந்து கூட்டிவரப்படுவார்கள். முடிந்தால் இரண்டு சனி ஞாயிறு தங்குங்கள். ஒரு பாடம் சொல்லிக்கொடுங்கள். பீலியடியில் நில்லுங்கள். அம்மாமாரோடு சாயத்தண்ணி குடியுங்கள். முதல் வாரம் அவர்கள் உங்களை விருந்தாளியாகப் பார்ப்பார்கள். இரண்டாம் வாரம் உள்ளதைச் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வந்து எங்களிடம் சொல்லுங்கள். எண் குறைவாக இருந்தாலும் எழுதிக்கொள்கிறோம்.